வெட்டுகிறவன்தான் வழி சொல்லணும்

பதினான்காம் அத்தியாயம்

செபாஸ்டியன் கப்பலை விட்டு இறங்கி இன்றோடு ஆறு நாள். அந்த ஆறு நாளில் டத்தோ கிராமாட் பக்கத்துத் தமிழ்ப் பையன்களில் பாதிப் பேருக்கு நடையே மாறிப்போய்விட்டது. செபாஸ்டியன் இடது தோளைச் சற்றே சாய்த்துக்கொண்டு நடப்பார். ஆகவே இவர்களும் சாய்த்துக்கொண்டு நடந்தார்கள். பாசாருக்கு மீன் வாங்கப் போகும்போதுகூடச் சாய்த்துக்கொண்டுதான். பார்க்கிறவனுக்குச் சிரிப்பு வரும், சொன்னால் சண்டைக்கு வருவான்கள்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்து இந்தக் கதையைத் தவறவிட்டவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். செபாஸ்டியனும் இதே நாடகக் கலாசாலைப் பிள்ளைதான். பதிமூன்று வருஷத்துக்கு முன்னால், பிச்சைமுத்து வாத்தியாரின் பழைய கொப்பரைக் கிடங்கில், இதே எண்ணெய்ப் பிசுக்குத் தரையில் விழுந்து எழுந்து நாடகம் படித்தவர். இன்றைக்குச் சிங்கப்பூரில் சொந்தக் கம்பெனி. கிடங்கின் சுவரில் நாலு படம் மாட்டியிருக்கிறார் வாத்தியார். ஒருவன் ரங்கூனில், ஒருவன் கொழும்பில், ஒருவன் மதராஸில் பேசும் படத்தில். நாலாவது செபாஸ்டியன். தினமும் பாடம் தொடங்குமுன் பையன்கள் அந்த நாலு படத்தையும் அண்ணாந்து பார்க்க வேண்டும். "இவனுங்களும் உங்கள மாதிரி மண்ணாந்தையாத்தான்டா வந்தானுங்க" என்பார் வாத்தியார். அதுதான் அங்கே ஜெபம்.

வந்தவர் சும்மா வரவில்லை. "ஞாயித்துக்கிழமை கப்பல்ல ஒருத்தனை என்னோட கூட்டிட்டுப் போறேன். ஒரே ஒருத்தன்" என்று சொல்லிவிட்டார். இருபது பேரைப் பார்த்துப் பார்த்துக் கழித்து, கடைசியில் இரண்டு பேரில் வந்து நின்றது. லாரன்ஸ், ரேமண்ட். ஒரே வீட்டுப் பிள்ளைகள். கன்னியர் மடத்துக்குத் துணி தைத்துக்கொடுக்கும் சவுந்தரத்தின் இரண்டு மகன்கள். அண்ணனுக்கு இருபத்தொன்று, தம்பிக்குப் பதினெட்டு.

இன்று வெள்ளிக்கிழமை. இன்று மத்தியானம் ஒரு மணிக்குப் பரீட்சை. அவ்வளவுதான் முன்கதை, இனி நம்ம லாரன்ஸைப் பார்ப்போம்.

*

காலை ஒத்திகையிலேயே லாரன்ஸுக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. காரணத்தைக் கேட்டால் நம்ப மாட்டீர்கள். செபாஸ்டியன் அவன் தம்பியை அடித்துவிட்டார்!

தம்பியை அடித்தால் அண்ணனுக்குக் கோபம் வரும், வயிறு ஏன் எரிய வேண்டும்? அந்தக் கலாசாலையின் சங்கதி அப்படி. பிச்சைமுத்து வாத்தியார் தேறாத பையனைத் தொடவே மாட்டார். "உக்காருடா ராசா" என்று பிரியமாகச் சொல்லிவிட்டு அடுத்தவனைக் கூப்பிடுவார். தேறுகிற பையனுக்குத்தான் ரோத்தான் பிரம்படி. படத்தில் இருக்கும் நாலு பேரும் வாங்கிய அடிகளைப் பையன்கள் பதக்கம் போல மனப்பாடமாகச் சொல்வார்கள். அடிபட்டவன் ஆளாவான், அடிபடாதவன் திரை இழுப்பான் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

ரேமண்ட் தன் சாவு வசனத்தைப் பாதியில் மென்று விழுங்கினான். செபாஸ்டியன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார், கை ஓங்கியது தெரியவில்லை, பளாரென்று ஒன்று. உதடு கிழிந்து ரத்தம் மோவாயில் வழிந்தது.

"சாகறவன் அவசரப்படுவானாடா? இன்னொரு வாட்டி சொல்லு!"

ரேமண்ட் ரத்தத்தை நக்கிக்கொண்டு இன்னொரு தரம் சொன்னான். கிடங்கே அசையாமல் கேட்டது. சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பையன் குரலில் என்னவோ இருந்தது. செபாஸ்டியன் திரும்பிப் போய் உட்கார்ந்தார். ரேமண்ட் அண்ணனைப் பார்த்துக் கிழிந்த உதட்டோடு சிரித்தான். லாரன்ஸ் அப்புறம் மூன்று இடத்தில் வேண்டுமென்றே தப்புச் செய்து பார்த்தான். செபாஸ்டியன் "பரவாயில்ல தம்பி, அடுத்ததுக்குப் போ" என்றார். அந்தப் 'பரவாயில்ல' அவன் நெஞ்சில் போய்க் குத்தியது.

நாடகம், கடவுள் வாக்களித்த கானான் தேசத்துக்குள் புகுந்து யோசுவே எரிகோ நகரைப் பிடிக்கும் பைபிள் கதை, கோயில் திருநாளுக்காக வாத்தியாரே கட்டியது. லாரன்ஸ் யோசுவே. ரேமண்ட் எரிகோ ராஜா. முடிவில் வாள் சண்டை.

இந்த வாள் சண்டையைப் பற்றி ஒரு விஷயம் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கற்றுக்கொடுப்பவர் சுலைமான் பாய். வாலிபத்தில் மலாய் நாடகக் கம்பெனியில் கத்தி வீசியவர், அதனால் அவர் பாடமும் மலாயில்தான். கிரி என்றால் இடது பக்கம் விலகு. கானான் என்றால் வலது பக்கம். துண்டுக் என்றால் குனி. மலாய்க்காரன் வாயில் அந்த வார்த்தை 'கனன்' என்று குறுகி வரும், நம் பையன்கள் வாயில் நீண்டு கானான் ஆகிவிட்டது. மேடையில் பாய் கூடவே நின்று கத்த முடியுமா? ஆகவே ஒரு சட்டம். வெட்டுகிறவன்தான் வழி சொல்லணும். ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால், சபைக்குக் கேட்காமல், எதிராளி காதில் விழும்படி அந்த ஒற்றை வார்த்தையை மூச்சோடு விட வேண்டும். எதிராளி யோசிக்கவே மாட்டான். வார்த்தை விழும், உடம்பு விலகும். மரக்கத்தி யார் மேலாவது பட்டுவிட்டால் பாய் பட்டவனை ஒன்றும் கேட்க மாட்டார். வெட்டினவன் முதுகில்தான் ரோத்தான் விழும்.

வெள்ளிக்கிழமை பாய் ஜும்ஆ தொழுகை முடித்துத்தான் வருவார். அவர் இல்லாத அந்தக் காலையில்தான் செபாஸ்டியன் லாரன்ஸைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கடைசி வெட்டு ஊமை வெட்டா இருக்குதுலா. ஒரு வசனம் தரேன். வாளை ஓங்கும்போது கிடங்கு அதிரணும். 'கானான் எங்கள் தேசம்!' எங்க, சொல்லு."

லாரன்ஸ் தாழ்ந்த குரலில் சொன்னான். முதல் தடவையாக அவர் முகம் மலர்ந்தது.

"அதான்! உன் தம்பிகிட்ட சொல்லாதே. திடீர்னு கேட்டான்னா முகத்துல நெசமான திடுக்கு வரும். சிங்கப்பூர்ல நான் அப்படித்தான் செய்யறது." பிறகு பெட்டியைத் திறந்து இரண்டு இரும்பு வாள்களை எடுத்து வைத்தார். "மத்தியானம் இதுலதான். விளிம்பை மழுக்கியிருக்கு, பயப்படாதே. மரக்கத்தில ஆடினா மரம் மாதிரிதான் ஆடுவீங்க."

லாரன்ஸ் தலைகால் புரியாமல் வீட்டுக்கு ஓடினான். எனக்கென்று தனியாக ஒரு வசனம்! அவர் கையால் கொடுத்தது! அப்போது அவன் மனசில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. இதை நான் சத்தியமாகச் சொல்வேன்.

*

வீட்டில் ரேமண்ட் உதட்டுக்கு உப்புத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள் சவுந்தரம்.

"நெசமாவே அவரு கையாலயா அடிச்சாரு?"

"ஆமாம்மா. பளார்னு!"

"மாதாவே!" சவுந்தரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அழுகையல்ல, ஆனந்தம். "அப்ப உன்னைத்தான்டா கூட்டிட்டுப் போவாரு. எனக்கு அப்பவே தெரியும்."

லாரன்ஸ் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் நிற்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் சொன்னாள், அதுதான் அவனுக்குச் சுருக்கென்றது.

பின்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டே வசனத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். ஒரு தரம், இரண்டு தரம். மூன்றாம் தரம் கொஞ்சம் குரல் எழும்பிவிட்டது.

"கானான்..."

அடுப்படியில் அவனுக்கு முதுகைக் காட்டிக் குத்துக்காலிட்டு மீன் குழம்பும் சோறும் தின்றுகொண்டிருந்த ரேமண்ட் சட்டென்று வலது பக்கம் ஒரு சாண் நகர்ந்தான். தட்டு சாய்ந்து குழம்பு தரையில் ஊற்றியது.

"என்னடா ஆச்சு? எறும்பா?" என்றாள் அம்மா.

"தெரியலம்மா, என்னமோ..." என்று அவனே சிரித்தான். எதற்கு நகர்ந்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

லாரன்ஸுக்குத் தெரிந்தது. முகத்தில் தண்ணீர் சொட்ட அப்படியே நின்றுவிட்டான். கடைசி வெட்டு ரேமண்டின் வலது பக்கம் இறங்குகிற வெட்டு. அவன் இடது பக்கம் விலக வேண்டும். அங்கே சொல்ல வேண்டிய வார்த்தை கிரி. அந்த இடத்தில் கானான் என்று கத்தினால் பையன் நேரே வாளுக்கு அடியில் போய் நிற்பான். மரக்கத்தியானால் ஒரு வீக்கத்தோடு போகும். இரும்பு வாள்!

உடனே சொல்லிவிட வேண்டும் என்றுதான் உள்ளே வந்தான். "தம்பி, ஒரு விஷயம்டா" என்று வாயைத் திறந்தும் விட்டான்.

அந்த நேரம் பார்த்தா சவுந்தரம் அந்தக் கோட்டை எடுத்துக்கொண்டு வர வேண்டும்? செத்துப்போன அப்பாவின் கறுப்புக் கோட்டு. கல்யாணத்துக்குத் தைத்தது. மூத்தவனுக்கு அளவு சரியாக இருக்கும் என்று அவளே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். இப்போது தோள் இரண்டு பக்கமும் பிரித்துக் குறுக்கிப் பிடித்து ஊசி குத்தியிருந்தது.

"எழுந்திரு ரேமண்ட், போட்டுப் பாரு. சிங்கப்பூர்ல நாலு பேரு முன்னாடி கோட்டு இல்லாம நிப்பியா? லாரன்ஸு, நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காதடா. எனக்கும் பக்கத்துல ஒருத்தன் வேணும்ல? நீ இங்க இருந்துக்க."

நீ இங்க இருந்துக்க. ஒரு பூனையிடம் சொல்வது போலச் சொன்னாள்.

"என்னண்ணே, ஏதோ சொல்ல வந்தே?" என்றான் ரேமண்ட், கோட்டுக்குள் கையை நுழைத்துக்கொண்டே.

"ஒண்ணுமில்ல" என்றான் லாரன்ஸ். "நேரமாச்சு, சீக்கிரம் வா."

அவ்வளவுதான். கொலைகாரன் போலக் கத்தி தீட்டவில்லை, சதி செய்யவில்லை. வாயை மூடிக்கொண்டான். அங்கே போய்ச் சொல்லிக்கொள்ளலாம், இரும்பு வாள் மழுங்கல்தானே, அப்படியே ஆனாலும் ஒரு சிராய்ப்பு என்று வழியெல்லாம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு நடந்தான்.

*

ஒரு மணிக்குக் கிடங்கில் மற்றப் பதினெட்டுப் பையன்களும் சுவரோரம் நின்றார்கள். வாத்தியாரும் செபாஸ்டியனும் நாற்காலியில். வெயிலில் கூரைத் தகரம் காய்ந்து கொப்பரை வாடை மூக்கை அடைத்தது.

இரும்பு வாளைக் கண்டதும் பிச்சைமுத்து வாத்தியார் தயங்கினார். "சுலைமான் வந்திரட்டுமேப்பா..."

"வாத்தியாரே, எனக்கு மூணு மணிக்கு வேற எடத்துல விருந்து. நீங்க ஆரம்பிங்க" என்றார் செபாஸ்டியன். பெரிய ஆள் சொன்னபிறகு வாத்தியார் என்ன செய்வார்?

சண்டை தொடங்கியது. இரும்போடு இரும்பு மோதும் சத்தம் பையன்களின் முதுகெலும்பைச் சிலிர்க்க வைத்தது. முதல் வெட்டு, "கிரி." ரேமண்ட் இடது பக்கம் நழுவினான். இரண்டாவது, "துண்டுக்." குனிந்தான், தலைமயிரைத் தடவிக்கொண்டு போயிற்று வாள். "கானான்." வலது பக்கம். "கிரி." இடது பக்கம். சபைக்கு ஒன்றும் கேட்கவில்லை, அண்ணனும் தம்பியும் மட்டும் ஒரு மூச்சில் பேசிக்கொண்டார்கள். எட்டு வயசிலிருந்து ஒன்றாக ஆடிய பிள்ளைகள்! ரேமண்ட் கண்ணை மூடிக்கொண்டுகூட ஆடியிருப்பான். அண்ணன் குரலை அவ்வளவு நம்பினான்.

பதினோராவது வெட்டு. கடைசி.

லாரன்ஸ் வாளை இரண்டு கையாலும் ஓங்கினான். 'கிரி' என்று முணுமுணுத்துவிட்டுப் பிறகு வசனத்தைக் கத்த நேரம் இருந்ததா? இருந்தது. நான் அதை உங்களிடம் மறைக்கப்போவதில்லை. ஒரு மூச்சு நேரம் இருந்தது. அந்த ஒரு மூச்சில் அவன் கண்ணுக்கு அந்தக் கறுப்புக் கோட்டுத்தான் தெரிந்தது.

"கானான் எங்கள் தேசம்!"

கிடங்கு அதிர்ந்தது. ரேமண்ட் வலது பக்கம் பாய்ந்தான்.

ஈரத் துணியைக் கல்லில் அறைந்தது போல ஒரு சத்தம். மழுங்கின இரும்பு வெட்டாது, கிழிக்கும். காதடியில் பிடித்தது வாயோரம் வரைக்கும் கன்னத்தைப் பிய்த்துக்கொண்டு இறங்கியது. ரேமண்ட் மல்லாந்து விழுந்தான்.

பையன்கள் கை தட்டினார்கள்.

ஐயோ, அந்தக் கைத்தட்டல்! செபாஸ்டியன் பெட்டியில் கொண்டுவந்த வித்தை, சாயத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டு விசிலடித்தார்கள். செபாஸ்டியனே ஒரு கணம் "பலே!" என்று எழுந்துவிட்டார். ரேமண்டோ தன் சாவு வசனத்தைச் சொல்லப் பார்த்தான். காலையில் அடி வாங்கித் திருத்திய வசனம், அவசரப்படாமல் சொல்ல வேண்டிய வசனம். வாயைத் திறந்தான். குரலுக்குப் பதில் கன்னத்து ஓட்டை வழியாக ரத்தம் கொப்பளித்துக்கொண்டு வந்தது. உள்ளே பல் வெளுப்பாகத் தெரிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் ஒருவன் "அம்மா!" என்று அலறினான்.

வாத்தியார் தம் வேட்டியைப் பாதியாகக் கிழித்து அவன் தலையைச் சுற்றிக் கட்டினார். கட்டக் கட்டச் சிவந்தது. நாலு பேர் தூக்கிக்கொண்டு போய் ரிக்‌ஷாவில் போட்டார்கள். வாத்தியார் அரை வேட்டியோடு கூட ஏறிக்கொண்டார். லாரன்ஸ் வாளைக் கீழே போடாமல் நின்ற இடத்திலேயே நின்றான்.

*

ரிக்‌ஷா தெருமுனையில் திரும்பி மறைந்த நிமிஷத்தில் சுலைமான் பாய் உள்ளே வந்தார். தலையில் வெள்ளைத் தொப்பி, தோளில் அத்தர் வாசனை. தரையில் கிடந்த ரத்தத்தைப் பார்த்தார்.

"யாரு வெட்டினது?"

லாரன்ஸ் கையில் வாள் இருந்தது, அதுவே போதும். பாய் ஆணியில் மாட்டியிருந்த ரோத்தானை எடுத்தார். முதல் அடி லாரன்ஸின் தோளில் விழுந்தது. சட்டை கிழிந்தது. இரண்டாவதுக்குக் கை ஓங்கும்போது செபாஸ்டியன் குறுக்கே வந்துவிட்டார்.

"அவனை விடுங்க பாய். தப்பு அவன் மேல இல்ல. நான்தான் புதுசா ஒரு வசனம் கொடுத்தேன். அந்தச் சத்தத்துல பையன் மிரண்டுட்டான் போல."

"என்ன வசனம்?"

"கானான் எங்கள் தேசம்."

சுவரோரம் நின்ற பையன்களில் ஐந்தாறு பேர் வலது பக்கம் ஒரு அடி நகர்ந்தார்கள். பக்கத்துப் பையன்மேல் இடித்துக்கொண்டார்கள். ஏன் நகர்ந்தோம் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

செபாஸ்டியன் மட்டும் நகரவில்லை. அவரும் இதே பாயிடம் படித்தவர்தானே? பதிமூன்று வருஷத்தில் அந்த வார்த்தை அவர் உடம்பை விட்டுப் போய்விட்டது. இப்போது இந்தப் பையன்கள் நகர்ந்ததைப் பார்த்து அவருக்கு நினைவு திரும்பியது. முகம் சாம்பலாகிவிட்டது.

"யா அல்லாஹ்!" என்றார் சுலைமான் பாய்.

அப்புறம் அடித்தார் பாருங்கள், அடி! சிங்கப்பூர்க் கம்பெனி முதலாளியை, பட்டுச் சட்டையும் காலில் வெள்ளைச் சப்பாத்துமாக நின்ற மனுஷரை, சுவரில் படமாக இருந்தவரைப் பையன்கள் அத்தனை பேருக்கும் முன்னால் விளாசித் தள்ளினார். முதுகு, தோள், தொடை என்று பார்க்கவில்லை. பட்டு கிழிந்து சதை தடித்தது.

"வெட்டறவன்தான் வழி சொல்லணும்! யாரு சொல்லிக் கொடுத்தா உனக்கு? யாரு?"

செபாஸ்டியன் ஓடவில்லை, கையால் தடுக்கவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் கூப்பிக்கொண்டார்.

"மறந்துட்டேன் பாய். நெசமா மறந்துட்டேன். என்னைக் கொன்னு போடுங்க."

கன்னத்தில் கண்ணீர் ஓடியது. அந்த ஆறு நாளும் தோளைச் சாய்த்து நடந்த பையன்கள் எல்லோரும் நேராக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னவன் ஒருவன் விம்மி விம்மி அழுதான்.

லாரன்ஸ் ஒவ்வொரு அடியையும் பார்த்தான். 'அது என் அடி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கையிலிருந்த வாளை மெல்லக் கீழே வைத்தான்.

கை ஓய்ந்ததும் பாய் மூச்சு வாங்கிக்கொண்டே அவனைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏன்டா, உனக்குமா தோணல? தினமும் நீ சொல்ற வார்த்தைதானே?"

"தோணல பாய்" என்றான் லாரன்ஸ்.

பாய் ரோத்தானை வீசி எறிந்துவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். செபாஸ்டியன் மெல்ல எழுந்தார். லாரன்ஸ் தோளில் கை வைத்தார்.

"உன் தம்பி பாவம் என் தலைமேல இருக்கு. உன்னையாவது நல்லாக் கொண்டு வரேன். ஞாயித்துக்கிழமை காலையில எட்டு மணிக்குக் கப்பல் ஜெட்டிக்கு வந்திரு."

ஆறு நாளாக எந்த வார்த்தைக்காகச் செத்துச் செத்துப் பிழைத்தானோ அந்த வார்த்தை. லாரன்ஸ் தலையாட்டினான்.

*

பெரிய ஆஸ்பத்திரியில் ரேமண்டுக்குப் பதினேழு தையல். சாயங்காலம் நாலரை மணிக்கு லாரன்ஸ் போனபோது சவுந்தரம் கட்டிலோரம் ஸ்டூலில் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. மூத்தவனைக் கண்டதும் அவன் கிழிந்த சட்டையைப் பிடித்து அருகே இழுத்துக்கொண்டாள்.

"உன்னையும் அடிச்சாங்களாடா? உன்மேல என்ன தப்பு? என் புள்ளைங்க ரெண்டு பேரும்..." என்று மேலே பேச முடியாமல் அவன் கையில் முகத்தை வைத்துக்கொண்டாள். எத்தனை வருஷம் கழித்து அவள் அவனைத் தொட்டுப் பேசுகிறாள்!

காயத்துக்குக் கட்டுப் போட்ட டிரெஸர், நரம்பு போய்விட்டதாக ஏற்கெனவே அவளிடம் சொல்லியிருந்தார். வலது பக்க வாய் இனி அசையாது. சாப்பிடலாம், பேசலாம், பேச்சு குழறும். பாடுவது, மேடையில் வசனம் சொல்வது எல்லாம் மறந்துவிட வேண்டியதுதான்.

ரேமண்ட் கண்ணைத் திறந்தான். கட்டுக்கு வெளியே பாதி முகந்தான் தெரிந்தது. அண்ணனைக் கண்டதும் அந்தப் பாதி முகம் என்னவோ செய்தது, சிரிப்பாக இருக்க வேண்டும்.

"ண்ணே..." வார்த்தை எச்சிலும் ரத்தமுமாக வந்தது. "என் தப்பு. நான்... தப்பான பக்கம்... போயிட்டேன்."

"பேசாதடா" என்றாள் அம்மா.

அவன் கேட்கவில்லை. "பாய்கிட்ட சொல்லு... அண்ணன் மேல தப்பில்லன்னு. பத்து வருஷம் ஆடி... எனக்கு பக்கம் தெரியல. நான் லாயக்கில்லண்ணே. நீ போ. நீதான் போகணும்."

லாரன்ஸால் தாங்க முடியவில்லை. பாய் அடித்தபோது தாங்கினான், செபாஸ்டியன் மண்டியிட்டபோது தாங்கினான். இது முடியவில்லை. பையன் கன்னம் போயிற்று, குரல் போயிற்று. இப்போது தன்மேல் இருந்த நம்பிக்கையையும் தானே பிடுங்கி அண்ணன் காலடியில் வைக்கிறான். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான் லாரன்ஸ்.

"உன் தப்பு இல்லடா. நீ சரியான பக்கந்தான் போனே. நான் கானான்னு கத்தினேன், நீ கானான் போனே. அந்த வசனத்துலயே அது இருந்துச்சு."

ரேமண்டின் ஒற்றைக் கண் அவனையே பார்த்தது.

"எனக்குத் தெரியும்" என்றான் லாரன்ஸ். "மத்தியானம் நீ சோறு தின்னும்போதே தெரியும். தட்டைச் சாய்ச்சியே, அப்பவே தெரியும். சொல்ல வந்தேன். அம்மா கோட்டை எடுத்துட்டு வந்தாங்க. நான் சொல்லல."

செபமாலை உருள்வது நின்றது.

முதலில் சவுந்தரத்துக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஸ்டூலை உதைத்துத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். செபமாலை சுற்றிய கையாலேயே மகன் முகத்தில் அறைந்தாள். மறுபடி அறைந்தாள். சிலுவை பட்டு அவன் புருவம் கிழிந்தது. "உன் கூடப் பொறந்தவன்டா! உன் கூடப் பொறந்தவன்டா!" என்று ஒவ்வொரு அறைக்கும் சொன்னாள். வார்டில் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். டிரெஸர் ஓடிவந்து பின்னாலிருந்து பிடித்து இழுத்த பிறகும் காலால் உதைத்தாள். லாரன்ஸ் முகத்தைத் திருப்பவில்லை.

கடைசியில் களைத்துப்போய்ச் சுவரில் சாய்ந்தாள்.

"கப்பல் என்னிக்கு?"

"நான் போகலம்மா."

"என்னிக்குன்னு கேட்டேன்!"

"ஞாயித்துக்கிழமை."

"போயிரு. அந்தக் கோட்டையும் நீயே எடுத்துக்க. போயி எங்கயாவது ராஜாவா இரு. என் கண்ணு முன்னால நிக்காதே. அவன் கண்ணு முன்னால நிக்கவே நிக்காதே. எனக்கு ஒரே புள்ளைன்னு நான் நெனச்சுக்கறேன்."

லாரன்ஸ் புருவத்து ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினான். நாலு எட்டு வைத்திருப்பான்.

"ம்மா."

இரண்டு பேரும் கட்டிலைப் பார்த்தார்கள். ரேமண்ட் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்திருந்தான். தையல் ஒன்று விட்டுப்போய்க் கட்டுத் துணியில் புதுச் சிவப்பு பரவிக்கொண்டிருந்தது. சிங்கப்பூர் செபாஸ்டியனே திகைத்துப் போயிருப்பார், அவ்வளவு நிதானமாக, ஒரு எழுத்துக்கூட அவசரப்படாமல், பாதி வாயால் சொன்னான்.

"அவனைப் போக விடாதே. இங்கயே இருக்கட்டும். தினமும் எனக்குச் சோறு ஊட்டட்டும். தினமும் என் மூஞ்சியப் பாக்கட்டும்."